ரெண்டு பேர்தான் வருவம்

பகல் இடைவேளை முடிந்து வருகிற பாடவேளையில் எங்கள் பள்ளிக்கூடம் தண்ணீருக்கடியில் இருப்பது போலிருக்கும். கடல்நீர் தேங்கிக் கிடக்கிற களப்பில் பட்டு எழும்புகிற வெளிச்சம் ஜன்னல் கம்பிகளுக்குள்ளால் வந்து கூரையில் அசையும். கரும்பலகையில் அசையும். முன் வாங்கில் இருக்கிற பிள்ளைகளின் வெள்ளை உடுப்பில் அசையும். வெளியே உப்பளங்கள். அவற்றுக்கு அப்பால் களப்பும் வானமும் ஒரே நிறம். எது எங்கே முடிகிறது என்று இவ்வளவு காலம் பார்த்தும் எனக்குச் சொல்லத் தெரியாது. தூரத்தில் காற்றாலைகள், நித்திரையில் யாரோ கையை அசைக்கிற மாதிரி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த வேளையில்தான் ஒன்பதாம் ஆண்டுக்கு நான் கணிதம் படிப்பிக்க வேண்டியிருந்தது. அந்தக் கிழமை பாடம் இடை, இடையம், ஆகாரம். சராசரி எதுவோ அது இடை. வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பது இடையம். அதிகமாகத் திரும்பத் திரும்ப வருவது ஆகாரம். புத்தகத்தில் ஏதோ ஒரு ஊரின் மழைவீழ்ச்சியைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு மழை என்பது வருடத்தில் சில நாள் வந்து போகிற விருந்தாளி. வாப்பாமார் உப்பளத்தில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கோ அது வேண்டாத விருந்தாளி. நான் எண்களை எழுத எழுத, வகுப்பு என் கண்முன்னாலேயே மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. கடைசி வாங்கில் ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொண்டான். அந்த வித்தை எனக்குத் தெரியும். நானும் அதே வாங்கில் இருந்து படித்தவன்தான்.

என் மனமும் பாடத்தில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனான நானாவின் வலீமா. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குக் கொடுக்கிற விருந்து அது. எங்கள் வீட்டில் ஊருக்குச் சோறு போடுவது அதுதான் முதல் தரம். வாப்பா உப்பு வெட்டிச் சுமந்தவர். ஊரில் யார் வீட்டு விருந்துக்கும் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். எங்கள் முற்றத்தில் ஒரு பாயை விரித்து யாரையும் இருத்தியதில்லை. நானா சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லொறியில் ஏறியவர். நான் மட்டும் புத்தகங்களோடு இருந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்பதால், வீட்டில் எழுத்து, எண் என்று எது வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

நானா தள்ளியது பெரிய எண்.

"எனக்குத் தெரிஞ்சது கியர் மட்டும்தான்டா," என்றார். "எத்தின சஹன் போடணும் எண்டு நீ சொல்லு. நீதானே கணக்குப் படிப்பிக்கிற சேர்."

எங்களிடத்தில் விருந்துச் சோறு ஆளாளுக்குத் தட்டில் வராது. பெரிய தட்டமான சஹனில் குவித்து வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். சமையலுக்குப் பேசியிருந்தவர் பாலாவிப் பக்கத்து ஆள். அவருக்கு எங்கள் ஊர் தெரியாது, சஹன் கணக்கு மட்டும்தான் வேண்டும். ஊரோ நூறு வீடு. நானாவும் வாப்பாவும் வீடு வீடாகப் போய் "வீட்டோட வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். வீட்டோடு என்றால் எத்தனை பேர்?

"கூடினாப் பரவால்ல," என்றார் நானா. "கொறையக் கூடாது. கை கழுவிட்டு வந்து குந்தின ஆள், சோறு இல்லாம எழும்பக் கூடாது. வாப்பாக்கு அந்த ஒரு வாக்கு மட்டும்தான் குடுத்திருக்கிறேன்."

இதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான், கரும்பலகையிலிருந்த மழையை நான் அழித்தேன். ஏன் அழித்தேன் என்று இப்போது நினைத்தாலும் கனவில் செய்த காரியம் போலத்தான் இருக்கிறது. வெண்கட்டித் தூள் வெளிச்சத்தில் மிதந்து இறங்கியது.

"என்ட நானாட வலீமாக்கு உங்கட வீட்டுலருந்து எத்தின பேர் வருவீங்க?" என்று கேட்டேன்.

வகுப்பு மேலே மிதந்து வந்தது. கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டவன் கண்ணைச் சிமிட்டினான்.

"சேர், புரியாணியா?"

"ஓம்."

"இனிப்புக்கு வட்டலப்பமும் ஈக்கா சேர்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

பதில் அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் கேட்டு வருவதாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அநேகமாக எல்லாத் தெருவிலிருந்தும் அந்த வகுப்பில் ஒரு பிள்ளையாவது இருந்தது. வகுப்பையே ஊரின் ஒரு கைப்பிடி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். மாதிரி எடுப்பது என்று கல்லூரியில் படித்தது இதுதானே என்று எனக்குள் பெருமையும் வந்தது.

மறுநாள் பிள்ளைகள் எண்களோடு வந்தார்கள். ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். ரெண்டு. ரெண்டு. ஒண்டு. ரெண்டு. மூணு. ரெண்டு. நான் வெண்கட்டியால் புள்ளி புள்ளியாக அடுக்கினேன். புள்ளிகள் இரண்டின் மேல் உப்புக் குவியல் போல உயர்ந்தன. இரு பக்கமும் சமமாகச் சரிந்தன. இடை இரண்டு. இடையம் இரண்டு. ஆகாரமும் இரண்டு. புத்தகத்தில்கூட மூன்றும் இப்படி ஒன்றாய்க் கூடியதில்லை. அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து பெருக்கினேன், வகுத்தேன். நூறு வீடு, வீட்டுக்கு இரண்டு பேர், சஹனுக்கு ஆறு பேர். முப்பத்தி நாலு சஹன்.

அன்று மாலை நானாவிடம் சொன்னேன். வாப்பா பக்கத்தில் இருந்தார். "முப்பத்தி நாலா?" என்று வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். படித்த பிள்ளை சொல்கிறான் என்றால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. நானா அந்த இடத்திலேயே கைத்தொலைபேசியில் சமையல்காரருக்குக் கோல் எடுத்தார்.

திங்கட்கிழமை நான் சார்பைத் தொடங்கினேன். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று வரும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரே ஒரு விடைதான் வரும். கொடுப்பது எக்ஸ், வருவது வை. உப்பளத்தை உதாரணம் காட்டினேன்: இவ்வளவு தண்ணீரை விட்டால் இவ்வளவு உப்பு. பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஜன்னலோரம் இருக்கிற ஒரு பிள்ளை மட்டும் தலையாட்டவில்லை. களப்பில் வலை போடுகிற ஒருவரின் மகள் அவள். கேட்டால்தான் வாயைத் திறப்பாள். அன்று கேட்காமலே எழும்பினாள்.

"சேர், வலீமாக் கணக்கு பிழ."

"எங்க பிழ? நீங்களும்தானே சேர்ந்து வகுத்தீங்க?"

"வகுத்தது சரி சேர்." அவள் பர்தாவின் நுனியை விரலில் சுற்றினாள். "எங்கட வீட்டுல ரெண்டு எண்டு சொன்னேனே. ரெண்டு இல்ல."

"பின்ன?"

"என்ட சின்னத் தம்பிக்கும் புது ஷேர்ட் தச்சாச்சி சேர்."

வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அது வாங்கு வாங்காக முன்னால் வந்தது.

"உங்கட உம்மாவும் ரெண்டு எண்டுதான் சொல்லச் சொன்னாவா?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

"ஓம். எல்லாரும் வருவம் எண்டு சொன்னா, சோத்துக்கு அலையுற ஆக்கள் எண்டு நினைப்பாங்களாம். சேர் கேட்டா ரெண்டு பேர்தான் வருவம் எண்டு சொல்லு எண்டா."

"எங்கட உம்மாவும்தான்டி! ஒண்டு எண்டு சொல்லு, கூடப் போனா மூணு எண்டு சொல்லு, அதுக்கு மேல வாயத் தொறக்காத எண்டா!"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அங்கே இப்போது எந்தக் குவியலும் இல்லை. ஆனால் என் கண்ணுக்குள் அது இருந்தது. அவ்வளவு அழகாக, அவ்வளவு சமமாக இருந்த அந்தக் குவியல் ஊரின் தலைகளைக் காட்டவில்லை. ஊரின் வெட்கத்தைத்தான் அளந்து காட்டியிருந்தது. முப்பத்தி நாலு சஹனைச் சுற்றி ஊர் முழுதும் கை கழுவிவிட்டு நிற்கிற காட்சி ஒன்று, பகல் கனவு போல, ஜன்னல் வெளிச்சத்தில் ஆடியது. நானா மாப்பிள்ளை உடுப்பில் நிற்கிறார். வாப்பா வெறும் கையோடு நிற்கிறார்.

"இப்ப உண்மையச் சொல்லுங்க," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும். ஒருவரும் எழும்பவில்லை. சொன்னால் உம்மாவைக் காட்டிக்கொடுத்தது போலாகும். அத்தனை தலைகளும் கொப்பிக்குள் கவிழ்ந்தன.

ஜன்னலோரத்துப் பிள்ளைதான் மறுபடியும் சொன்னாள். "பேர் போடாம கடுதாசித் துண்டுல எழுதினா வெட்கம் இல்லயே சேர்."

அப்படியே செய்தோம். துண்டின் இடப்பக்கம் உம்மா சொல்லச் சொன்ன எண். வலப்பக்கம் உண்மையில் வரப்போகிற எண். பேர் வேண்டாம். ஒரு பையன் தன் தொப்பியைக் கழற்றித் தந்தான். துண்டுகளை மடித்து மடித்து அதற்குள் போட்டார்கள்.

"சேர், அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க, எங்கட உம்மாக்குச் சொல்ல மாட்டீங்கதானே?"

"பேர் இல்லாத துண்டுலருந்து நான் ஆர்ட உம்மாவக் கண்டுபிடிக்கிற?"

"அவன்ட எழுத்தப் பார்த்தாலே தெரியும் சேர், கோழி கிண்டின மாதிரி."

கரும்பலகையில் இரண்டு அச்சுகளைக் கீறினேன். கிடையாகச் சொன்னது, நிலைக்குத்தாக வருவது. துண்டுகளைப் பிரித்துப் பிரித்து நான் வாசிக்க, ஆளுக்கொருவராக வந்து புள்ளி வைத்தார்கள். ஒண்டு, மூணு. ரெண்டு, அஞ்சு. ரெண்டு, அஞ்சு. மூணு, ஏழு. ரெண்டு, ஆறு. ரெண்டு, நாலு. ஒரு துண்டில் 'ஒண்டு, ஒன்பது' என்றிருந்தது.

"யா அல்லாஹ்! ஆரடா அது?"

வகுப்பே கூரையைப் பார்த்தது. கடைசி வாங்குக்காரன் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்.

புள்ளிகள் கரும்பலகையின் கீழ் மூலையிலிருந்து மேலே சாய்வாக எழும்பின. மாலையில் உப்பளங்களின் மேல் கொக்குகள் கலைந்தும் சேர்ந்தும் ஒரு பக்கமாய்ப் பறப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும், அது அப்படித்தான் இருந்தது. ஒரு பறவையும் நேர்கோட்டில் இல்லை. ஆனால் கூட்டம் எங்கே போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"இது சார்பா சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒண்டக் கொடுத்தா ஒரே விடதான் வரணும் எண்டீங்க. ரெண்டு எண்டு சொன்ன வீட்டுல நாலும் வருது, அஞ்சும் வருது, ஆறும் வருது."

நல்ல கேள்வி. நான் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. "சார்பு இல்ல," என்றேன். "ஆனா இதுக்குள்ள ஒரு சார்பு படுத்துக் கிடக்கு. அத எழுப்பிப் பார்ப்பமா?"

நீள அடிமட்டத்தைப் புள்ளிகளுக்கு நடுவால் சாய்த்து வைத்தோம். ஒருவன் மேலே தூக்கச் சொன்னான், ஒருத்தி கீழே இறக்கச் சொன்னாள். அந்த ஒன்பதை என்ன செய்வது என்று சண்டை வந்தது. அது பாட்டில் அங்கே நிற்கட்டும், அதற்காகக் கோட்டை வளைக்கத் தேவையில்லை என்று முடிவானது. கோட்டைக் கீறியதும் அதன் மேல் இருந்தவற்றை வாசித்தோம். ஒண்டுக்கு மூணு. ரெண்டுக்கு அஞ்சு. மூணுக்கு ஏழு.

"சொன்னத ரெண்டால பெருக்கி ஒண்டக் கூட்டுற சேர்!" யாரோ கத்தினார்கள்.

"அந்த ஒண்டு ஆரு?"

"மடியில வார குழந்த!"

"இல்லடா, விருந்துக்கெண்டே வந்து நிக்கிற மாமி!"

கடைசி வாங்குக்காரன் கையை உயர்த்தினான். அவன் கையுயர்த்தி அதுவரை நான் கண்டதில்லை. "அப்ப ஒவ்வொரு வீடாப் போடத் தேவல்லயே சேர். சராசரியக் கொண்டுபோய்க் கோட்டுல வெச்சாப் போதும். ரெண்டு அஞ்சாப் போகும்."

நேர்கோடு என்றால் இடையும் அதே வழியால்தான் போகும். நான் சொல்லிக்கொடுக்காத விஷயம் அது. அவன் சொல்லிவிட்டு, பேசியது தானில்லை என்பது போல மறுபடி மேசையில் சாய்ந்தான். நூறு வீடு, வீட்டுக்கு அஞ்சு பேர். எண்பத்தி நாலு சஹன்.

பள்ளிக்கூடம் விட்டதும் பாலாவிக்கு பஸ் ஏறினேன். நானா சந்திக்குப் பக்கத்தில் லொறியை நிறுத்தி, சக்கரத்தின் ஆணிகளை இறுக்கிக்கொண்டிருந்தார். சீமெந்துத் தூசியும் உப்புத் தூசியும் சேர்ந்து அந்தச் சந்தியில் எல்லாவற்றுக்கும் ஒரு மங்கலான வெள்ளை பூசியிருந்தது. நானாவின் இமைகளிலும் இருந்தது.

"என்ன சேர், இந்தப் பக்கம்?"

"நானா, சஹன் கணக்கு பிழ. முப்பத்தி நாலு இல்ல. எண்பத்தி நாலு."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "முந்திச் சொன்னதும் நீதானே? அதுக்கு என்னமோ ஒரு பேரும் சொன்ன."

"இடை."

"அந்த இட இப்ப எங்க போச்சி?"

"இடை சரிதான் நானா. ஆக்கள் சொன்ன எண்தான் சரியில்ல."

"ஊரு முழுசுமா பொய் சொல்லும்?"

"பொய் இல்ல. மரியாத."

நானா ஆணி இறுக்குகிற சாவியைக் கீழே வைத்தார். நான் கோட்டைப் பற்றிச் சொன்னேன்; இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவதைச் சொன்னேன். ஒரு லொறி கடந்து போனது. தூசி எழும்பி இறங்கியது. எங்கள் வீட்டுக்கும் யாராவது வந்து விருந்துக்குச் சொன்னால் உம்மா என்ன சொல்லி அனுப்புவா என்று அவரும் நானும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் முகம் அப்படி மாறியது.

"அட," என்றார் மெதுவாக. கையைத் துடைத்துக்கொண்டு சமையல்காரருக்குக் கோல் எடுத்தார். "மாமா, சோறாக்குற கிடாரம் இன்னும் வேணும்... எண்பத்தி நாலு. ஓம், எண்பத்தி நாலு... என்ட தம்பிதான் சொல்லுறான்... ஓம், அவனேதான்... அது முந்தி மாமா. இது இப்ப."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இனி மாத்த ஏலாது. விளங்கினாச் சரி."

ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருந்தது. முற்றத்தில் கட்டியிருந்த தறப்பாள் பாய்மரம் போல உப்பியும் தணிந்தும் கிடந்தது. அதன் கீழே எல்லாம் நீல வெளிச்சம். வீடே களப்பில் மெல்ல நகர்ந்து போகிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. அடுப்புப் புகை, ஏலக்காய் வாசம், புதுத் துணி வாசம். ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்த ஒரு மணித்தியாலத்தை நான் இப்போதும் கனவில் காண்பதுண்டு. கரும்பலகையிலிருந்த புள்ளிகள் எல்லாம் இறங்கி, அத்தர் பூசி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் படலைக்குள் நுழைந்தன. என் பிள்ளைகள் தங்கள் வீட்டாருக்கு முன்னால் வந்தார்கள். ஆண்கள் தறப்பாளின் கீழும், பெண்கள் வீட்டுக்குள்ளும் போவதற்கு முன், ஒவ்வொருவரும் எனக்கு மட்டும் தெரியும்படி விரல்களைக் காட்டினார்கள். அஞ்சு. அஞ்சு. ஏழு. கடைசி வாங்குக்காரன் ஒரு பெரிய பட்டாளத்தோடு வந்தான். கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். எங்கள் கோடு பொய்க்கவில்லை. ஆண்கள் பக்கம் சஹன் சஹனாகப் போனது, வெறுமையாகித் திரும்பியது. நானா தூரத்திலிருந்து என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார்.

அப்போதுதான் தெருவில் லொறிகளின் சத்தம் கேட்டது.

பாலாவியிலிருந்து நானாவின் கூட்டாளிகள். "நாங்க நாலஞ்சு பேர் வருவம் மச்சான்" என்று சொல்லியிருந்தார்களாம். மூன்று லொறிகளின் பின்பக்கம் நின்றுகொண்டு, காற்றில் சட்டைகள் படபடக்க, பாட்டுச் சத்தத்தோடு வந்து இறங்கினார்கள். "மாப்புள எங்கடா? லொறிய வித்துட்டுப் பொண்ணெடுத்தானாமே!" என்று ஒருவர் கத்தினார். இவர்களை நான் கேட்டிருக்கவில்லை. ஒன்பதாம் ஆண்டில் பிள்ளை இருக்கிற வீடுகளைத்தான் கேட்டிருந்தேன். லொறிகளுக்கு என் வகுப்பில் பிள்ளை இல்லை.

வந்தவர்களை இருத்தத்தான் வேண்டும். இருத்தினோம். அவர்களுக்குச் சஹன் போகப் போக, பின்னால் சமையல்காரரின் அகப்பை கிடாரத்தின் அடியைத் தொடுகிற சத்தம் கேட்டது. அவர் அகப்பையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். உள்ளே பெண்களும் பிள்ளைகளும் இன்னும் சாப்பிடவில்லை. வாசலில் வாப்பா நின்றுகொண்டிருந்தார். சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் கை சாரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

நான் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று பெருக்கினேன், வகுத்தேன், திரும்பவும் பெருக்கினேன். காற்று தறப்பாளைத் தூக்கியது, போட்டது. எப்படி வகுத்தாலும் ஆறு ஆறாக இருத்தினால் உள்ளே பாதிப் பேருக்கு இல்லை.

"சேர்."

வேலியோரத்தில் ஜன்னலோரத்துப் பிள்ளை நின்றாள். இன்று பள்ளி உடுப்பில்லை. மயில் நிறத்தில் ஏதோ உடுத்திருந்தாள்.

"உம்மா ஆக்கள் கேட்கச் சொன்னாங்க. உள்ளுக்கு எத்தின சஹன் தருவீங்க?"

"உள்ளுக்கு எத்தின பேர் இருக்கிறீங்க?"

"அத நீங்க கேட்கவாணாமாம் சேர். நீங்க சஹனச் சொல்லுங்க, நாங்க அதுக்கு ஏத்த மாதிரி இருப்பமாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "லொறி வந்தத எல்லாரும் வேலிக்குள்ளால கண்டாங்க."

நான் இவ்வளவு நாளும் ஆட்களிலிருந்து சஹனுக்குப் போகிற வழியைத்தான் பார்த்திருந்தேன். சமையல்காரர் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னார். சின்ன எண்தான். அதை அவளிடம் சொன்னேன். அவள் திரும்பி ஓடினாள்.

உள்ளேயிருந்து பாய்கள் இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

"அங்கால ஒதுங்குடி. நீ ஒராள் ரெண்டாள்ட எடம்!"

"நீ மட்டும் என்ன, ஈர்க்குச்சியா?"

"சின்னதுகள மடியில வெச்சிக்கங்க. கையத் தூக்காத, மத்தவட வாய்க்குள்ள போகுது!"

"மதினி, சுருங்கி இரிங்க. மாப்புளட உம்மாக்கும் எடம் விடணும்."

"வாணாம், நான் பொறகு..." என்பது எங்கள் உம்மாவின் குரல்.

"என்ன பொறகு? வந்து குந்துங்க! ஊருக்கே போட்டுட்டு நீங்க நிக்கிறதா?"

உள்ளே போன சஹன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு பருக்கை இல்லை. பெண்கள் வெளியே வரும்போது, ஒவ்வொருத்தியும் வாப்பாவைத் தாண்டுகையில் "வயிறு நெறஞ்சிச்சி, மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நிறைந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த ஊரில் அதைக் கேட்டறிய ஒரு வழியும் இல்லை என்று மட்டும் இப்போது எனக்குத் தெரியும். ஆனால் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஒருவரும் சாப்பிடாமல் எழும்பவில்லை. அதை நான் கண்ணால் கண்டேன்.

லொறிகள் போய்விட்டன. வெயில் சாய்ந்து, தறப்பாளின் நீலம் மெல்ல மெல்லச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. காற்றும் தணிந்துவிட்டது. கிடாரத்தை வழித்ததில் ஒரு சஹனுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தது. அடிப்பிடித்த சோறும் இருந்தது. வீட்டு ஆண்களுக்கு எப்போதும் கடைசிதான். நானா மாப்பிள்ளைத் தொப்பியோடு வந்து பாயில் குந்தினார். சஹன் சுமந்த அயல்வீட்டுப் பொடியன்கள் இருவர், சமையல்காரர், நான். வாப்பா இன்னும் வாசலில்தான் நின்றார்.

"வாங்க வாப்பா," என்றார் நானா.

வாப்பா வந்தார். உட்காரவில்லை. வெறும் பாய்களைப் பார்த்தார். மடங்கிய ஓரங்களை, சிந்திக் கிடந்த பருக்கைகளை. பிறகு என்னைத்தான் கேட்டார், நானாவையல்ல.

"எல்லாரும் திண்டாங்களா?"

"ஓம் வாப்பா."

"உள்ளுக்கும்?"

"உள்ளுக்கும்."

முறுக்கியிருந்த சாரத்தைத் தட்டி நேராக்கினார். பிறகு நானாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து அமர்ந்து, தன் சொந்த முற்றத்தில், "பிஸ்மில்லாஹ்" என்று சோற்றில் கையை வைத்தார்.